தவிட்டுக்கு வாங்கின தம்பி

லாவோஸ் நாட்டவர்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று வந்து கனகாலம் ஆகவில்லை. எங்கள் வீட்டு மேல்மாடியில் வாடகைக்கு இருந்த அங்கிள் சொல்லித்தான் எனக்கு அது தெரியும். பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்தில், இனிமேல் ஒவ்வொரு குடும்பமும் ஒரு பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு வந்ததாம். அங்கிளுடைய தகப்பனின் தகப்பன் கந்தோருக்குப் போய் வரிசையில் நின்றார். முன்னால் நின்றவர்கள் பெரிய பெரிய சொற்களாகப் பார்த்துச் சொல்வதைக் கேட்டுவிட்டு, தன் முறை வந்தபோது செல்வம், வம்சம் என்று அர்த்தம் வருகிற இரண்டு சொற்களை ஒட்டிச் சொல்லிவிட்டு வயலுக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு அந்தப் பெயரை வீட்டில் ஒருவரும் வாயால் சொல்லவில்லை. அங்கே மந்திரியைக்கூட அவருடைய சொந்தப் பெயரால்தான் கூப்பிடுவார்களாம்.

"லண்டனுக்கு வந்த பிறகுதான் அந்தப் பெயருக்கு ஒரு வேலை கிடைத்தது. எனக்கு முன்னாலேயே அதுக்குக் கிடைத்துவிட்டது" என்று சொல்லி அங்கிள் சிரிப்பார்.

எங்கள் கதையும் ஏறத்தாழ அதுதான். யாழ்ப்பாணத்தில் அப்பாவின் பெயர் என் பெயருக்கு முன்னால் ஒரு எழுத்தாக நின்றது. ஹீத்ரோவில் இறங்கியதும் அது முழுதாக வளர்ந்து என் பெயருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது. அம்மாவுக்கும் அதே பெயர்தான். தன் புருஷனின் பெயரை வாயால் சொல்லியே அறியாத மனுசியை, விமானங்களுக்குச் சாப்பாடு கட்டுகிற ஃபாக்டரியில் மேற்பார்வைக்காரன் ஒவ்வொரு காலையும் "மிஸிஸ்" என்று தொடங்கி அப்பாவின் பெயரால் கூப்பிட்டான். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு கை உயர்த்துவார். மேல்மாடி அன்ரி அதே ஷிப்டில் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்று கரண்டியையும் முள்ளுக்கரண்டியையும் தாளில் சுற்றுகிறவர்.

"ஏன் அக்கா சிரிக்கிறீர்கள்?" என்று ஒருநாள் கேட்டார்.

"அந்தாள் வந்து முன்னுக்கு நிக்கிற மாதிரிக் கிடக்கு" என்றார் அம்மா.

அன்ரி பேசியது உடைந்த இங்கிலிஷ். அம்மா பேசியது அதைவிட உடைந்தது. ஆனால் இருவருக்கும் இடையில் விளங்காமல் போனது என்று எதுவும் இருக்கவில்லை. இங்கே எல்லாவற்றையும் நான் தமிழில் எழுதுகிறேன்.

என்னைப்பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். அப்பா மற்றவர்களுடைய புகையிலைத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்தவர். அம்மா கூலிக்கு வெங்காயம் கிண்டியவர். வீட்டில் மூத்த நான்கு பேரும் ஆண்கள். அவர்கள் ஒருவருக்கும் கிடைக்காதது கடைசியாகப் பிறந்த எனக்குக் கிடைத்தது. ஹவுன்ஸ்லோவில் எங்கள் வீட்டுக் கதவு வழியாக வந்த கடிதம் எதுவானாலும், கவுன்சிலோ பெனிபிட்டோ மேல்மாடிக்காரருடையதோ, என் கைக்குத்தான் முதலில் வரும். அந்தப் பெருமை எனக்கு அப்போதும் இருந்தது, இப்போதும் இருக்கிறது.

லாவோஸ்காரர் எல்லாருக்கும் ஒரு கூப்பிடு பெயர் வைப்பார்கள். உண்மையான பெயர் பெட்டிக்குள் இருக்கும். அன்ரியின் பெட்டிப் பெயருக்குப் பொன்பூ என்று அர்த்தம். கூப்பிடு பெயருக்குத் தவளை என்று அர்த்தம். அப்பாவுக்கு அவர் வைத்தது தொப்பி. எனக்கு வைத்தது பள்ளிக்கூடம். "பள்ளிக்கூடம், மேலே வா" என்று மாடிப்படியில் நின்று சத்தம் போடுவார். எனக்கு அது பிடித்திருந்தது.

கூப்பிடு பெயர் விளையாட்டுக்கு வைப்பதல்ல என்று பிறகு தெரிந்தது. பிறந்த பிள்ளையை அழகு என்று சொல்லக் கூடாது. கறுப்பு, அழுக்கு, பன்றிக்குட்டி என்றுதான் சொல்ல வேண்டும். நல்ல பெயர் காதில் விழுந்தால் ஆவிகள் தேடி வந்து பிள்ளையை எடுத்துக்கொண்டு போய்விடும். அன்ரியின் முதல் பிள்ளை, ஒரு பெண், தாய்லாந்து அகதி முகாமில் பிறந்தாள். அன்ரிக்கு அப்போது சின்ன வயது. ஆசையில் எல்லார் முன்னாலும் அந்தப் பிள்ளையின் முழுப் பெயரையும் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டாராம். அந்தப் பிள்ளை நடக்கத் தொடங்குமுன் காய்ச்சலில் செத்துப்போயிற்று.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், நான் ஏ லெவல் படித்துக்கொண்டிருந்தபோது, அன்ரிக்கு ஒரு மகன் பிறந்தான். இந்த முறை அவர் கவனமாக இருந்தார். பதிவு செய்த பெயரை ஒருவரும் உச்சரிக்கவில்லை. அவனை நாய்ப்பீ என்று அர்த்தம் வருகிற சொல்லால் கூப்பிட்டார்கள். பிள்ளை பார்க்க வந்த தாதி அது என்ன அழகான சொல், என்ன அர்த்தம் என்று கேட்டாள். அங்கிள் நேர்மையான மனிதர். சொல்லிவிட்டார். அடுத்த முறை அவள் இன்னொருத்தியையும் கூட்டிக்கொண்டு வந்தாள்.

பெயர் கூடாததாக இருந்தும் பலனில்லை. பால் குடிக்கும்போது பிள்ளையின் உதடு நீலமாகியது. ஆஸ்பத்திரியில் இருதயத்தில் ஓட்டை என்றார்கள், வெட்டித் தைக்க வேண்டும் என்றார்கள். அன்றைக்குப் பின்னேரம் அன்ரி பிள்ளையோடு கீழே இறங்கி வந்து, குசினியில் அரிசி களைந்துகொண்டிருந்த அம்மாவுக்கு முன்னால் நின்றார்.

"அக்கா, இவனை எடுங்கள். உங்கள் பிள்ளையாக எடுங்கள்."

எனக்குத் திடுக்கிட்டது. அம்மாவுக்கு இல்லை. கையைத் துடைத்துக்கொண்டு, "தவிட்டுக்கோ?" என்றார்.

தங்காத பிள்ளையைப் பக்கத்து வீட்டுக்குத் தவிட்டுக்கு விற்பது அம்மாவின் ஊரிலும் இருந்தது. அம்மாவின் மூத்த தமையன் அப்படி விற்கப்பட்டவர்தான். அன்ரியின் ஊரிலும் விற்பார்கள், வாங்குகிறவர்கள் புதுப் பெயர் வைப்பார்கள். வேண்டாத பிள்ளை, வேறொரு வீட்டுப் பிள்ளை என்று ஆவிகள் விலகிப்போகும். வாங்குகிற வீட்டில் பிள்ளைகள் தங்கியிருக்க வேண்டும், அதுதான் நிபந்தனை. அம்மா அந்த இடத்தில் நின்றுவிட்டார்.

"என்ரை பிள்ளையளிலை ஒருத்தன் இல்லையடி பிள்ளை. மூத்தவன். ஷெல்லடியிலை."

அன்ரி பிள்ளையை மற்றத் தோளுக்கு மாற்றினார். "அது ஆவிகள் செய்யவில்லை அக்கா. அது மனிதர் செய்தது. அது கணக்கில் இல்லை" என்றார்.

அம்மா திரும்பி நின்று அரிசித் தண்ணீரை ஊற்றினார். ஊற்றி முடிய வெகுநேரம் எடுத்தது.

ஹவுன்ஸ்லோ கடைகளில் தவிட்டுக்கு எங்கே போவது? வெள்ளைக்காரரின் சூப்பர்மார்க்கெட்டில், காலையில் பாலோடு சாப்பிடுகிற சாமான்கள் அடுக்கிய இடத்தில் கண்டுபிடித்தேன். பெட்டியில் எழுதியிருந்ததை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"மலச்சிக்கலுக்கு நல்லதாம்."

"பரவாயில்லை. ஆவியளுக்கும் வயிறு இருக்கும்தானே."

அந்தப் பெட்டியை அன்ரியின் கையில் கொடுத்துவிட்டு அம்மா பிள்ளையை வாங்கினார். பிச்சை எடுத்துப் பெற்றவன் என்று அர்த்தம் வரும் பழைய தமிழ்ப் பெயர் ஒன்றை அவன் காதில் சொன்னார். அப்பா வேலையால் வந்து, தொப்பியையும் கழற்றாமல் தொட்டிலைப் பார்த்தார். "நான் பகல் ஷிப்டுக்குப் போயிட்டு வாறதுக்கிடையிலை ஒரு பிள்ளை" என்றார்.

அன்றைக்கிருந்து அவன் மேல்மாடியில் தூங்கினான், மேல்மாடியில் பால் குடித்தான், ஆனால் எங்கள் பிள்ளை. அம்மா அவனை ஆர்ச்வே முருகன் கோயிலுக்கு நேர்த்திக்குக் கொண்டுபோனார். அங்கே சனத்துக்குப் பொழுதுபோக்குக் கிடைத்தது.

"இதார் பிள்ளை?"

"என்ரை."

"கண்ணைப் பாத்தாச் சீனாக்காரப் பொடியன் மாதிரியெல்லோ கிடக்கு. மனுசனுக்குத் தெரியுமோ?"

"அந்தாளுக்குத் தெரியும். உங்கடை மனுசனுக்கு எல்லாம் தெரியுமோ எண்டு முதல் வீட்டை போய்க் கேளுங்கோ" என்றார் அம்மா. அந்த மனுசி அதற்குப் பிறகு எங்களோடு கதைக்கவில்லை.

ஒப்பரேஷனுக்குக் குறித்த காலையில் அன்ரி, அம்மா, நான் மூன்று பேரும் ஆஸ்பத்திரியில் இருந்தோம். அங்கிள் பேக்கரியில் இரவு வேலை முடித்து நேரே வருவதாக இருந்தது. வந்து சேரவில்லை. இளம் டொக்டர் ஒருவர் தாள்களோடு வந்து, தாய் யார் என்று கேட்டார்.

அன்ரி அம்மாவைக் காட்டினார்.

டொக்டர் அம்மாவின் பொட்டைப் பார்த்தார். பிள்ளையைப் பார்த்தார். மறுபடியும் பொட்டைப் பார்த்தார்.

"நீங்களா தாய்?"

அம்மா அன்ரியின் முகத்தைப் பார்த்துவிட்டு "யெஸ்" என்றார்.

"அப்படியென்றால் நீங்கள் யார்?" என்று அன்ரியைக் கேட்டார்.

"நான் ஒருவரும் இல்லை" என்றார் அன்ரி.

டொக்டர் போய் வார்ட் சிஸ்டரைக் கூட்டிக்கொண்டு வந்தார். சிஸ்டர் போய், கழுத்தில் அட்டை தொங்கிய ஒரு சமூக சேவைக்காரியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பிள்ளையின் கட்டிலை ஒரு சின்ன அறைக்குள் தள்ளிவிட்டு எங்களை வாசலில் இருத்தினார்கள். சிஸ்டர் கூடாதவள் அல்ல. என்னை ஒரு பக்கம் கூப்பிட்டு, ஒப்பரேஷன் தியேட்டர் காத்துக்கொண்டு நிற்காது, இவனை எடுக்காவிட்டால் அடுத்த பிள்ளையை எடுப்பார்கள், பிறகு எப்போது இடம் கிடைக்கும் என்று சொல்லத் தெரியாது என்றாள். கட்டிலில் கிடந்த பிள்ளையின் நகங்கள் எல்லாம் நீலமாக இருந்தன.

நான் உள்ளே போய்ச் சமூக சேவைக்காரிக்கு விளக்கினேன். அமைதியாக, ஒன்றன்பின் ஒன்றாக, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்புவிப்பதுபோல. பெற்றவள் அன்ரிதான், விற்றது ஒரு வழக்கம், பிள்ளை தங்குவதற்காகச் செய்வது என்றேன்.

"விற்றதா? எதற்கு விற்றார்கள்?"

"தவிட்டுக்கு."

அவள் எழுதத் தொடங்கினாள். "எழுதுமுன் நான் சொல்வதைக் கேளுங்கள்" என்றேன். அவளுக்கு அது பிடிக்கவில்லை, ஆனாலும் பேனையைக் கீழே வைத்தாள். கடைசியில், நீ சொல்வது எனக்கு விளங்குகிறது, ஆனால் பெற்றவள் தன் வாயால் சொல்ல வேண்டும், வேறு வழியில்லை என்றாள். அவள் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

வெளியே வந்து அன்ரியிடம் சொன்னேன்.

"சொல்லாட்டி ஒப்பரேஷன் இல்லை அன்ரி."

"சொன்னால் பிள்ளை இல்லை."

"அன்ரி..."

"இன்றைக்கு அவனுடைய நெஞ்சைத் திறக்கிறார்கள். இன்றைக்குத்தான் ஆவிகள் எல்லாரும் பக்கத்தில் வந்து நிற்பார்கள். யாருடைய பிள்ளை, யாருடைய பிள்ளை என்று கேட்டுக்கொண்டு நிற்பார்கள்."

ஆவிகளை நான் நம்பவில்லை. இருதயத்தில் எத்தனை அறை என்று படம் கீறத் தெரிந்தவள் நான். ஆனால் ஒரு பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்தவரிடம் அந்தப் படத்தைக் கொண்டுபோய்க் காட்டுவதில் அர்த்தமில்லை என்றும் தெரிந்திருந்தது.

"அவைக்கு என்ன பாஷை தெரியும்?" என்று கேட்டேன்.

அன்ரி நிமிர்ந்து பார்த்தார். "லாவோ. தாய்லாந்து பாஷையும் தெரியும். முகாம்வரை வந்தவர்கள்தானே."

"பிரெஞ்ச்?"

"கொஞ்சம் இருக்கும்."

"இங்கிலிஷ்?"

அவர் யோசித்தார். "எனக்கே வராது. அவர்களுக்கு எப்படி வரும்?"

"எங்கடை ஆவியளுக்கும் வராது. அதுக்கு நான் பொறுப்பு" என்றார் அம்மா, பக்கத்தில் நின்று.

அன்ரி உள்ளே போனார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டார். சமூக சேவைக்காரி கேள்வியைத் திருப்பிக் கேட்டபோது, பிள்ளையின் ஒரு காதைத் தன் நெஞ்சோடு அழுத்தி, மற்றக் காதைக் கையால் பொத்திக்கொண்டு, "யெஸ்" என்றார். மூச்சு விட்டதுபோல் இருந்தது. பிறகு கையெழுத்துப் போட்டார்.

பிள்ளையைத் தள்ளிக்கொண்டு போகையில் அம்மா தலையில் அடித்து அழுதார். தாய் அழுகிறாள் என்று ஒரு தாதி வந்து அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டாள். அன்ரி கொஞ்சம் பின்னால், கைப்பையைப் பிடித்துக்கொண்டு, அயல்வீட்டுக்காரி துணைக்கு வந்ததுபோல நின்றார். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. நான் அவருடைய கையைப் பிடிக்கப் போனேன். பிடிக்காதே என்று தலையசைத்தார்.

பிள்ளை பிழைத்தான். நகங்கள் சிவந்தன. எல்லாம் முடிந்தது என்று நான் நினைத்தேன். ஆனால் அந்த ஒரு "யெஸ்" அன்ரியை விடவில்லை. அங்கே நின்ற ஆவிகளில் ஒருவருக்காவது இங்கிலிஷ் தெரிந்திருக்காதா என்று மாதக்கணக்கில் யோசித்தார். அதனால் இன்னும் இறுக்கமானார். அவன் பேசத் தொடங்கியபோது அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது, என்னுடைய அம்மாவை "அம்மா" என்று கூப்பிட, தன்னை லாவோ மொழியில் சின்னம்மாவுக்குரிய சொல்லால் கூப்பிட. அவன் அப்படியே கூப்பிட்டான். மேல்மாடியில் அன்ரியின் மடியில் இருந்து, அவர் உருட்டிக் கொடுத்த ஒட்டும் சோற்றைத் தின்றுகொண்டு, சின்னம்மா தண்ணீர் என்பான். அன்ரி எழும்பித் தண்ணீர் எடுத்துக் கொடுப்பார்.

நேர்சரியில் ரீச்சர் "உன் அம்மா வந்துவிட்டார்" என்றால், "இது அம்மா இல்லை, அம்மா வேலைக்குப் போய்விட்டா" என்று திருத்துவான். அதைச் சொல்லிச் சிரித்தபடி அன்ரி வீட்டுக்கு வருவார். சிரித்து முடிந்ததும் மேலே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்.

"இனி அவனைத் திருப்பி எடு பிள்ளை. சுகமாத்தானே இருக்கிறான்" என்று அம்மா எத்தனையோ தரம் சொன்னார்.

"வருகிற வருஷம் அக்கா."

வருகிற வருஷம் ஒரு இருமல் வரும், ஒரு காய்ச்சல் வரும். பிறகும் வருகிற வருஷம். நான் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டேன். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அவன் "அக்கா" என்று ஓடி வந்து என் பையைக் கிளறுவான். தமிழ் அவனுக்கு நன்றாக வந்தது, எங்கள் அண்ணைமாரின் கெட்ட வார்த்தைகள் உட்பட. எனக்கு ஒரு தம்பி இருந்தான் என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

அவனுக்கு ஐந்து வயதானபோது ஆஸ்பத்திரியில் இனி வரத் தேவையில்லை என்று சொல்லிவிட்டார்கள். அங்கிளுடைய அக்கா பிரான்ஸில் இருந்தார். அங்கே அவர்களுடைய ஆட்கள் நிறைய, விகாரை இருக்கிறது, வேலையும் இருக்கிறது. அங்கிள் போவதென்று முடிவெடுத்தார். போவதற்கு முன் பிள்ளையைத் திருப்பி வாங்கிவிட வேண்டும், அங்கே போய் என்னுடைய மகனை இன்னொருவருடைய மகன் என்று சொல்லிக்கொண்டு இருக்கமாட்டேன் என்றார். வளர்ந்த பிள்ளைகளை ஆவிகள் அவ்வளவாகத் தேடுவதில்லை என்றும் சொன்னார். அன்ரி கடைசியில் சம்மதித்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் முன்னறையில் அது நடந்தது. பாய் விரித்து, தட்டில் பூவும் அவித்த முட்டையும் ஒட்டும் சோறும் வைத்தார்கள். மணிக்கட்டில் கட்ட வெள்ளை நூல்களை வெட்டி அடுக்கினார்கள். பிள்ளையின் உடம்பிலிருந்து கலைந்து போயிருக்கும் உயிர்களையெல்லாம் திரும்பி வரச் சொல்லி அங்கிள் மெல்லிய குரலில் ஓதினார். அன்ரி புதுப் பாவாடை கட்டி, தலைமுடியைத் தூக்கி முடிந்திருந்தார். அவ்வளவு அழகாக அவரை நான் பார்த்ததில்லை. கல்யாணப் பொம்பிளை மாதிரி என்று நினைத்தேன், சொல்லவில்லை.

வாங்கியவர் பிள்ளையை வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அதுதான் வழக்கம். ஆசைப்பட்டுக் கொடுப்பதுபோல் கொடுக்கக் கூடாது. பாரம் கழிந்தால் போதும் என்பதுபோல், எல்லாருக்கும் கேட்கச் சொல்ல வேண்டும். அம்மா அதை ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று நினைத்தார். தனக்கு நன்றாக வரும் மொழியில், உரத்த குரலில் செய்தார்.

"எனக்கு இவன் வேண்டாம். இவன் என்ரை பிள்ளை இல்லை. எனக்குப் பாரம். கொண்டு போ."

அந்த அறையில் அம்மாவையும் அப்பாவையும் என்னையும் தவிர, அந்தச் சொற்கள் விளங்கிய ஒரே ஆள் அவன்தான். அது எங்கள் ஒருவருக்கும் முன்கூட்டியே தோன்றவில்லை. அன்ரியும் அங்கிளும் அதை மந்திரம்போலக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அன்ரி கைகளை நீட்டி, லாவோ மொழியில் தாய்க்குரிய சொல்லைச் சொல்லி, இனி என்னை இப்படிக் கூப்பிடு என்றார்.

அவன் அம்மாவைப் பார்த்தான். சடங்கு கெட்டுவிடும் என்று அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவன் அழவில்லை. எழும்பிப் போய், நடையில் கிடந்த தன் சப்பாத்தை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு, வாசல் கதவடியில் போய் நின்றான். கொண்டு போ என்று சொன்னதால் நின்றான்.

நான்தான் போய் அவனைத் தூக்கினேன். இது விளையாட்டு, சும்மா சொன்னது என்று சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தான். அம்மாவும் பிறகு கட்டிப் பிடித்து அழுது சொன்னார். அன்ரி சொன்னார். நூல்களைக் கட்டும்போது கையை நீட்டினான், கட்டி முடிந்ததும் இழுத்துக்கொண்டான். பிரான்ஸுக்குக் கோச் ஏறுகிற நாளிலும் அப்படித்தான். எல்லாரும் முத்தமிட்டோம். அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிரான்ஸிலிருந்து அன்ரி ஞாயிறுகளில் ஃபோன் எடுப்பார். ஒருநாள் அம்மா, கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டார். நானும் அருகில் நின்றேன்.

"இப்ப உன்னை அம்மா எண்டு கூப்பிடுறானோ?"

"இல்லை அக்கா."

"அப்ப பழையபடி சின்னம்மா எண்டோ?"

"இல்லை. ஒன்றும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பசித்தால் பக்கத்தில் வந்து நிற்பான். நான் பார்க்கும்வரை நிற்பான்."

அம்மா அவனிடம் ஃபோனைக் கொடுக்கச் சொன்னார். யாரோ வாங்கினார்கள். மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

"தம்பி" என்றார் அம்மா. "தம்பி, நான்தான்..."

அதோடு நிறுத்திவிட்டு, ரிசீவரைக் காதிலிருந்து எடுக்காமல் என்னைத் திரும்பிப் பார்த்தார். அதற்கு அடுத்த சொல் என்ன என்று கேட்பதுபோல் பார்த்தார். வீட்டில் படித்தவள் நான்தான். எனக்கும் தெரியவில்லை.